வாசலில் கொட்டிய மண்

— அந்தத் தள்ளுவண்டிய அப்படியே கீழ வையி கண்ணு. எங்க கிளம்பிட்ட இவ்ளோ வேகமா?

— எங்கயா? எங்க அண்ணன் கடைக்குத்தான். செத்த பைன் கன்னு அத்தனையும் அவன் வாசல்ல கவுத்துக் கொட்டப் போறேன். வர்றவங்க போறவங்க எல்லாம் பாக்கட்டும், பெரிய மனுஷன் கூடப்பொறந்தவளுக்குப் பங்கு கொடுத்த லட்சணத்தை.

— அய்யய்ய. கடை நிறைய ஆளு இருக்கற நேரமாச்சே.

— அதுக்குத்தான் இப்ப போறேன்.

— அதுவும் சரிதான். எனக்கெதுக்கு வம்பு. அடுப்புல தண்ணி வெச்சுட்டு வந்திருக்கேன், ஒரே நிமிஷம் எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு. ஆமா, எத்தனை செத்துச்சு?

— வண்டியில கிடக்கறதெல்லாம் செத்தது. அந்தா நிழல்வலைக்கு அடியில நிக்குதே, அதெல்லாம் சாகப் போறது. இதப் பாருங்க, ஊசி இலை நுனி பூரா ஊதாவா மாறிட்டு வருது. நட்டு எட்டு மாசமாச்சு, நட்ட அன்னிக்கு என்ன உசரமோ அதே உசரம். வாடகை இடத்துல நின்னுக்கிட்டு என் தலையில மண்ணப் போடுதுங்க.

— கலரு என்னமோ நல்லாத்தான் இருக்கு. போன வாரம் இதே ஷேடுல ஒரு பொண்ணுக்கு கவுன் தெச்சேன்.

— அக்கா.

— சரி சரி. தண்ணி ஒழுங்கா ஊத்தறியா?

— தண்ணி, உரம், நிழலு, எல்லாம் கணக்கா. பக்கத்துல உக்காந்து தாலாட்டாத குறை. மண்ணு கூட சாதா மண்ணு கிடையாது, கடையில விக்கற பாக்கெட் மண்ணு. ஆவியில வேக வெச்சு சுத்தம் பண்ணினது. ஒரு புழு, ஒரு பூச்சி இருக்காது. ஆஸ்பத்திரிக்காரங்க மழை முடிஞ்சதும் எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க காம்பவுண்டு சுத்தி நட பைன் கன்னு. இந்தப் பக்கத்துலயே பைன் வளக்கறவ நான் ஒருத்திதான்னு தேடி வந்தாங்க. அவங்க வந்து இந்த ஊதா ஊசியப் பாத்தா என்ன சொல்வாங்க? நர்சரிய இழுத்துப் பூட்டிட்டு நான் எங்க போவேன்? அண்ணன் கடையில போயி தொட்டி தொடைக்கவா?

— எங்க வீட்டுப் பின்னாடி ஒண்ணு நிக்குதே, நீ நோஞ்சான்னு எறிஞ்சது. அது பாட்டுக்கு—

— உங்க பெருமைய அப்புறம் பேசலாம், வழிய விடுங்க.

— விடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் நான் சொல்லலைன்னு இருக்கக்கூடாது. உங்க அண்ணன் இங்கதான் வந்துக்கிட்டு இருக்காரு.

— இங்கயா? அவனுக்கு யாரு சொன்னது?

— நான் சொல்லல. வழியில பாத்தேன். தம்பி, உங்க தங்கச்சி ரொம்பக் கோவமா இருக்காளாமே, நீங்க வியாதி பிடிச்ச கன்னாப் பாத்து அவ தலையில கட்டிட்டீங்களாமேன்னு நலம் விசாரிச்சேன். அதுக்குப் பேரு சொல்றதா?

— வரட்டும். வண்டி தள்ற வேலை மிச்சம்.

— வந்துட்டாரு. தம்பி, வாங்க வாங்க. உள்ள வாங்களேன்.

— நான் இங்கயே கேட்டுக்கு வெளிய நிக்கறேன் அக்கா. இவ வாசப்படிய மிதிக்கறதில்லைன்னு சொல்லிட்டேன், சொன்னா சொன்னதுதான். ஏம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். வியாதி பிடிச்ச கன்னக் கொடுத்தேன்னு தெரு பூரா சொல்றியாமே, நல்லா இருக்கா?

— இல்லாததையா சொன்னேன்? இந்தா பாரு வண்டிய. நல்லாப் பாரு. உன் கையால எண்ணி எடுத்துக் கொடுத்த கன்னு.

— நான் கொடுக்கும்போது ஒவ்வொண்ணும் பச்சைப் பசேல்னு இருந்துச்சு.

— மேல பச்சையாத்தான் இருந்துச்சு. அடியில? வேரக் கழுவிப் பாத்தேன்ல. நுனி பூரா வெள்ளை வெள்ளையா பூஞ்சை, பஞ்சு ஒட்டின மாதிரி. வேரு கூட வேரு மாதிரி இல்ல, குட்டை குட்டையா, கிளை கிளையா, வீங்கிப் போயி. நர்சரியில பதினஞ்சு வருஷம் மருந்தடிச்சவ நான். பூஞ்சைய எனக்குத் தெரியாதா?

— என்ன சொன்ன? வேர என்ன பண்ணின?

— கழுவினேன்.

— எதுக்குக் கழுவின?

— உன் மண்ணு ஒரு துளி கூட என் இடத்துல இருக்கக்கூடாதுன்னு கழுவினேன். போதுமா? ஒவ்வொரு கன்னையும் குழாயில காட்டி, அந்த வெள்ளைய பழைய பல்லு பிரஷ்ஷால தேச்சு, பூஞ்சை மருந்துல முக்கி எடுத்துத்தான் நட்டேன். அப்படியும் உன் வியாதி போகல.

— பல்லு பிரஷ்ஷாலயா?

— ஆமா. ரெண்டு நாளு குனிஞ்சது, இடுப்பு போச்சு.

— அடிப்பாவி. ஒரு கன்னக் கொடு இப்படி. கொடுன்னு சொல்றேன்ல. நகரு.

— தம்பி, நீங்க உள்ள வந்துட்டீங்க.

— கன்னப் பாக்க வந்தேன் அக்கா, இவளைப் பாக்க வரல. பாரு, வேரப் பாரு. மொட்டையா நிக்குது. சொறிஞ்சு விட்ட எலி வாலு மாதிரி. அந்த வெள்ளை எங்க?

— அதான் சொன்னேனே, தேச்சு எடுத்துட்டேன்னு. சந்தோஷப்படு, வியாதி குணமாயிடுச்சு.

— அது வியாதி இல்லடி. அதுதான் இதுக்குச் சோறு போடற ஆளு.

— என்ன உளர்ற?

— உளறல. பைனோட வேரு தனியா ஒண்ணும் சம்பாதிக்காது. அதுக்கு அந்தப் பூஞ்சை வேணும். அந்த வெள்ளை இருக்கே, அது வேரு மேல உறை மாதிரி சுத்திக்கும், அங்கிருந்து நூலு நூலா மண்ணுக்குள்ள போகும். தலைமுடிய விட மெல்லிசு. வேரு நுழைய முடியாத இடுக்குல எல்லாம் அது நுழையும். அங்க கிடக்கற தண்ணி, சத்து எல்லாத்தையும் உறிஞ்சி எடுத்துட்டு வந்து வேருக்குக் கொடுக்கும்.

— சும்மா கொடுக்குமா? அப்படி ஒரு தர்மப்பிரபுவா அது?

— சும்மா இல்ல. அதால வெயிலப் புடிச்சு எதையும் காய்ச்ச முடியாது. மேல ஊசியில மரம் சக்கரை காய்ச்சுதுல்ல, அதுல ஒரு பங்க வேரு வழியா பூஞ்சைக்கு இறக்கிக் கொடுக்கும். கொடுத்தா வாங்கும், வாங்கினா கொடுக்கும். ஒண்ணு இல்லாம இன்னொண்ணு நிக்காது.

— அப்படின்னா மரம் வீட்டுல இருந்து சமைக்குது, பூஞ்சை கடைத்தெருவுக்குப் போயிட்டு வருது. அப்படித்தானே தம்பி?

— அப்படித்தான் அக்கா.

— எங்க வீட்டுல ரெண்டும் நான்தான்.

— ரெண்டு பேரும் நிறுத்துங்க. கதை நல்லாருக்கு. நான் உரம் போடறேன்ல? கடைத்தெருவே வீட்டுக்கு வந்திருக்கே. அப்புறம் எதுக்கு இது ஊதாவா மாறுது?

— பட்டினியில. நீ போட்ட உரம் மண்ணோட மண்ணா ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். எடுத்துக் கொடுக்க ஆளு வேண்டாமா? ஆளத்தான் நீ பல்லு விளக்கி அனுப்பிட்டியே. போதாக்குறைக்கு வேக வெச்ச மண்ணுல நட்டிருக்க. அதுல புழு இல்ல, பூச்சி இல்ல, இதுவும் இல்ல. நாலு சுவத்துக்குள்ள தனியா அடைச்சுப் போட்ட மாதிரி.

— இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? சொல்லு. எப்படித் தெரியும்?

— அந்த நர்சரியிலயே வளந்தவதானே?

— வளந்தேன். எங்க வளந்தேன்? மருந்து பம்ப தோள்ல மாட்டிவிட்டு ரோஜா பக்கம் தள்ளிவிட்டீங்க. இலையில வெள்ளையப் பாத்தா அடி, தண்டுல வெள்ளையப் பாத்தா அடி, நாத்து அழுகினா மண்ணுல ஊத்து. பதினஞ்சு வருஷம் வெள்ளைன்னா எதிரின்னு சொல்லிக்கொடுத்தது யாரு? நீதானே? பைன் பாத்திப் பக்கம் என்னை விட்டியா? கம்பி வேலி போட்டுப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டுத் திரிஞ்ச. கேட்டா, அது சூட்சுமமான வேலை, நீ போயி தொட்டிக்குத் தண்ணி ஊத்துன்ன. என்னமோ உள்ள புதையல் இருக்கற மாதிரி.

— நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

— கேட்டேன். ஒரு தடவை இல்ல. அப்புறம் கேக்கறத விட்டுட்டேன்.

— தம்பி, அது உண்மைதான். சாவி உங்க இடுப்புல ஆடறத நானே எத்தனை நாளு பாத்திருக்கேன். எனக்கெதுக்கு வம்பு, இருந்தாலும் சொல்றேன்.

— அக்கா, அடுப்புல தண்ணி வெச்சிருக்கேன்னு வழியில சொன்னீங்களே.

— அது கொதிக்கட்டும். பெரிய குண்டான். மெதுவாத்தான் கொதிக்கும்.

— சரி, நான் சொல்லல. ஒத்துக்கறேன். ஆனா நான் ஒண்ணு கேக்கறேன், நீ அன்னிக்கு அந்தக் கன்ன அப்படியே கொண்டு வந்து, அதது வந்த மண்ணோட நட்டிருந்தா என்ன? யாரு கழுவச் சொன்னா? நல்லா இருந்த கன்ன உன் ரோஷத்துக்குக் குளிப்பாட்டி சாகடிச்சிருக்க.

— ரோஷமா? ரோஷத்தப் பத்தி நீ பேசறியா? நான் கடை திறந்த அன்னிக்கு நீ என்ன பண்ணினன்னு இந்த அக்காவ வெச்சுக்கிட்டே சொல்லட்டுமா?

— சொல்லு.

— விடிஞ்சும் விடியாம வந்து வாசல் தெளிச்சு விட்டுட்டு, துணி மாத்தப் போனேன். திரும்பி வந்து பாத்தா வாசல அடைச்சுக்கிட்டு ஒரு குவியல் மண்ணு. கறுப்பா, மக்கிப் போன ஊசியும் குச்சியுமா, நாத்தம் வேற. முதல் நாளு. முதல் ஆளு உள்ள வர வழி இல்ல. வேன்ல வந்து கொட்டிட்டுப் போனது யாருன்னு கேட்டா, உங்க அண்ணன்தான்னு சொன்னாங்க. கூடப்பொறந்தவ தனியாக் கடை போட்டா, விளங்காமப் போகணும்னு மண்ண வாரிக் கொட்டிட்டுப் போறான். எதிரிக்குக் கூட அப்படிச் செய்ய மாட்டாங்க.

— அப்படியா நெனச்ச?

— வேற எப்படி நெனைக்கறது? மாலை போட்டு வரவேத்தேன்னா?

— நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு.

— என்ன நல்லா இருக்கு?

— அது நம்ம இடத்துப் பெரிய மரத்தடி மண்ணு. பைன் மரத்தடி. அதுலதான் அந்தப் பூஞ்சை பூரா இருக்கும். அப்பா எந்தப் பாத்தி போட்டாலும் அந்த மண்ணு ஒரு கூடை கலப்பாரு. விதை முளைக்கறதுக்கு முன்னாடியே இது அங்க காத்துக்கிட்டு இருக்கணும்பாரு. அது இல்லாத பாத்தியில ஒரு பைனும் தேறினதில்ல. நீ புது இடம் போற, அங்க பைன் வாசனையே கிடையாது, கன்னுக்கு அடியில போடட்டும்னு ஒரு வேன் நிறைய வெட்டிக் கொண்டு வந்து கொட்டினேன்.

— பொய்.

— நான் எதுக்குப் பொய் சொல்லணும்?

— கொட்டினவன் ஒரு வார்த்தை சொல்லலாம்ல? இந்தாம்மா, மண்ணு, கன்னுக்குப் போடுன்னு. வாயில என்ன வெச்சிருந்த?

— உன்கூடப் பேசறதில்லைன்னு இருந்தேன்.

— பேச வேண்டாம். சாக்குல கட்டி, வாசல்ல ஓரமா வெச்சிருந்தா கூட எனக்குப் புரிஞ்சிருக்குமே. சாக்குல கட்டி வெச்ச மண்ண யாரும் சாபம்னு நெனைக்க மாட்டாங்க. எதுக்குக் கொட்டின?

— சாக்கு புதுசு.

— என்னது?

— சாக்கு புதுசு. திரும்ப எடுத்துட்டுப் போயிட்டேன்.

— கேட்டுக்கோங்க அக்கா. சாக்கு புதுசாம். என் எட்டு மாசம், என் நர்சரி, என் ஆஸ்பத்திரி ஆர்டரு, எல்லாம் போச்சு, சாக்கு பத்திரமா இருக்கு. கொண்டு போயி அந்தச் சாக்க மடிச்சு தலைக்கு வெச்சுத் தூங்கு.

— நீ மட்டும் என்ன? ஒரு குவியல் மண்ணப் பாத்ததும் சாபம்தான் தோணுமா உனக்கு? நர்சரிக்காரிதானே நீ? அள்ளி மோந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், இது எந்த மண்ணுன்னு.

— உன் மண்ண மோந்து பாக்க எனக்கு என்ன வேண்டுதலா?

— சரி, கொட்டின மண்ண மொத்தமுமா சாக்கடையில தள்ளின?

— ஹோஸ் பைப்ப எடுத்து அடிச்சேன். ஒரு துளி விடாம. சாக்கடைக்குள்ள போயி விழற வரைக்கும் அடிச்சேன். அந்தக் கோவத்துலதான் உள்ள வந்து கன்னு வேர எல்லாம் கழுவினேன்.

— அடிச்சா பாருங்க தம்பி, அந்த மண்ணு பூரா வந்து என் தையக்கடை வாசல்ல சாக்கடைய அடைச்சு, கறுப்புத் தண்ணி படியேறி, ஒரு கஸ்டமரோட வெள்ளைச் சட்டை— அது வேற கதை. நானும் எங்க வீட்டுக்காரரும் மம்பட்டிய வெச்சு—

— அக்கா, கொஞ்சம் வாய மூடறீங்களா.

— மூடிட்டேன்.

— சரி விடு. இப்ப நான் என்ன பண்றது? மிச்சம் நிக்கறதயாவது காப்பாத்தலாமா?

— உசிரு இருக்கறதுக்கெல்லாம் வேரடியில அந்த மண்ணு ஒரு பிடி வெச்சா, புது வேரு விடும்போது புடிச்சுக்கும். ரெண்டு மாசத்துல ஊதா மாறிப் பச்சை ஏறும். மழை பெஞ்சதும் கன்னு அடியில பழுப்புக் குடை முளைச்சா புடிச்சுக்கிச்சுன்னு அர்த்தம். மரத்தடியில முளைக்கும்ல, காளான், சின்னச் சின்னதா. அப்பா அதை ஒருத்தரையும் மிதிக்க விட மாட்டாரு.

— பழுப்புக் குடையா தம்பி? எங்க வீட்டுல கூட—

— அக்கா.

— சரி, சரி.

— மழை முடிய மூணு மாசம் இருக்கு. ஆஸ்பத்திரிக்காரங்க வர்றதுக்குள்ள ஆயிடுமா?

— ஆயிடும். இன்னிக்கே வெச்சா ஆயிடும்.

— அப்ப அந்த மண்ணு...

— என்ன அந்த மண்ணு? சொல்லு.

— அதான், அந்த மரத்தடியில...

— வாயத் திறந்து கேளு. கேட்டா என்ன குறைஞ்சா போயிடுவ?

— கேக்க மாட்டேன். நான் கேட்டுத்தான் நீ கொடுக்கணும்னா எனக்கு வேண்டாம். சாகட்டும்.

— கேட்டாலும் இல்ல.

— அதானே. உன் புத்தி எங்க போகும்?

— கொடுக்க மாட்டேன்னு சொல்லல. இல்லன்னு சொல்றேன். மண்ணு இல்ல.

— அவ்ளோ பெரிய மரத்தடியில மண்ணு இல்லையா? யாரு காதுல பூ சுத்தற?

— மரமே இல்லம்மா.

— மரம்...

— வெட்டிட்டேன். நீ போன மறுநாளு. மரத்தடி, பைன் பாத்தி எல்லாம் தோண்டி எடுத்து, ஜல்லி போட்டு, கான்கிரீட் ஊத்திட்டேன். கார் நிறுத்த இடம் கேக்கறாங்கன்னு சொன்னேன்ல.

— நான் எதுக்குச் சண்டை போட்டுட்டு வெளிய வந்தேன்? சொல்லு, எதுக்கு வந்தேன்? அந்த மரத்த வெட்டாதன்னுதானே வந்தேன்? நான் போனா ஒரு வேளை உனக்கு உறைக்கும், விட்டு வெப்பன்னு நெனச்சேன். நீ மறுநாளே வெட்டியிருக்க. என் செருப்புத் தடம் கூட காஞ்சிருக்காது.

— யாரும் பைன் வாங்கல. சிமெண்டுத் தொட்டியும் பூச்செடியும்தான் போகுது. கார் வெக்க இடம் இல்லைன்னா வர்றவங்க அடுத்த கடைக்குப் போறாங்க. எனக்கு மட்டும் ஆசையா? அப்பா கையால நட்டது. ரம்பம் வெக்கும்போது நான் அங்க நிக்கல தெரியுமா? வேனுக்குள்ள போயி உக்காந்துக்கிட்டேன்.

— உக்காந்து?

— உக்காந்து, அந்த மண்ணு யாருக்காவது ஆகட்டுமேன்னு நெனச்சேன். அடி மண்ணு, பாத்தி மண்ணு மொத்தத்தையும் நானே வெட்டி சாக்குல கட்டினேன். கான்கிரீட்டுக்காரன் ஒரு பிடி விடாத, அப்பத்தான் தரை உக்காராம இருக்கும்னான். விடல. நான் கொட்டினது அவ்வளவும்தான். மிச்சம்னு ஒண்ணு கிடையாது.

— மலையில இருக்குமே. அங்க பைன் காடு இருக்கே.

— காட்டுக்காரங்க ஒரு சருகக் கூட எடுக்க விட மாட்டாங்க. எழுதிக் கொடுத்து, அவங்க பாத்து, சரின்னு சொல்றதுக்குள்ள உன் கன்னு அத்தனையும் விறகாயிடும். இந்தச் சுத்துவட்டாரத்துல பைனு இருந்தது நம்ம வீட்டுல ஒண்ணுதான்.

— அப்ப அவ்வளவும் நான் அடிச்சு விட்டதுதான்.

— அவ்வளவும்தான்.

— ஹோஸ் பைப்பால.

— ஆமா.

— எல்லாம் இவங்களாலதான்.

— யாரு கண்ணு? என்னையா சொல்ற?

— உங்களத்தான். அன்னிக்குக் காலையில வந்து என்ன சொன்னீங்க? உங்க அண்ணன் வந்தான், முகத்த உர்ருனு வெச்சுக்கிட்டு மண்ண வாரி உன் வாசல்ல கொட்டினான், ஒரு வார்த்தை பேசல, திரும்பிக் கூடப் பாக்கலன்னு. சொன்னீங்களா இல்லையா?

— பாத்தத சொன்னேன். அவரு முகம் உர்ருனுதான் இருந்துச்சு. அவரு முகம் எப்ப வேற மாதிரி இருந்துச்சு?

— என்கிட்ட வந்து என்ன சொன்னீங்க அக்கா? உங்க தங்கச்சி மண்ண சாக்கடையில தள்ளிட்டு, அவன் மூஞ்சியிலயே அடிச்ச மாதிரி இருக்குன்னு சிரிச்சான்னு. அதக் கேட்டுத்தான் நானும் இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு விட்டேன். இல்லைன்னா வந்து என்ன ஆச்சுன்னு கேட்டிருக்க மாட்டேனா?

— சிரிச்சா தம்பி. அழுதுக்கிட்டே சிரிச்சா. அழுதது உங்களுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்.

— பாத்தியா? பாத்தியா அண்ணா? பாதிய சொல்றது, பாதிய விடறது. தெருவுல யாரு வீட்டுல என்ன வேகுதுன்னு இவங்க மூக்குக்குத் தெரியாம இருக்காது. இந்த அம்மா இல்லாம இருந்தா நம்ம ரெண்டு பேரும் அன்னிக்கு சாயந்திரமே நாலு திட்டு திட்டி முடிச்சிருப்போம்.

— அதைச் சொல்லு. எட்டு மாசம் இவங்கதான் நமக்குத் தபால்காரி.

— நல்லா இருக்கே நியாயம். சாக்கத் திருப்பி எடுத்துட்டுப் போனவரு நீங்க, ஹோஸ் பைப்பப் புடிச்சவ இவ. குத்தவாளி தையக்காரியா? இருக்கட்டும். அண்ணனும் தங்கச்சியும் ஒண்ணாப் பேசறது எனக்குச் சந்தோஷம்தான், என்னைத் திட்டறதுக்காகவாவது.

— கிளம்புங்க அக்கா. தண்ணி கொதிச்சிருக்கும்.

— போறேன். எனக்கெதுக்கு வம்பு. பாவம்னு பாக்க வந்தேன். சொல்ல வந்தத சொல்ல விடல, நாலு தடவை வாய மூடச் சொல்லியாச்சு. இனிமே கூப்பிட்டாலும் இந்தப் பக்கம் வர மாட்டேன்.

— கேட்டச் சாத்திட்டுப் போங்க.

— சாத்தறேன், சாத்தறேன்.

— விடு. போகட்டும். நீ ஏன் நிக்கற? உக்காரு.

— உக்காந்து என்ன பண்ண? ஆஸ்பத்திரிக்காரங்களுக்குப் போன் போடணும். கன்னு இல்லைன்னு சொல்லணும். அப்புறம் வந்து உன் கடையில தொட்டி தொடைக்கறேன், சந்தோஷமா?

— யாரு உன்னைத் தொடைக்கக் கூப்பிட்டா? நான் ஒண்ணு கேக்கறேன். நீ ஹோஸ் அடிச்சப்ப தண்ணி எந்தப் பக்கம் போச்சு?

— இப்படித்தான், சரிவா, தையக்கடைப் பக்கம்.

— அங்கிருந்து?

— அங்கிருந்து எங்க போறது? அடைச்சுக்கிச்சு. அதுக்குத்தான அந்தம்மா ஒரு வாரம் என்னைத் திட்டிக்கிட்டு இருந்துச்சு. சாக்கடை தாண்டிப் போகவே இல்ல, எல்லாம் என் வாசல்லயே தங்கிடுச்சுன்னு. புருஷனும் பொண்டாட்டியும் மம்பட்டிய வெச்சு அள்ளி...

— அள்ளி?

— அண்ணா.

— அள்ளி எங்க கொட்டினாங்க?

— அக்கா. தையக்கார அக்கா. நில்லுங்க.

— என்ன? கேட்டத்தான் சாத்திட்டேனே.

— திறந்துட்டு உள்ள வாங்க. வந்து உக்காருங்க. அண்ணா, அந்த நாற்காலிய எடுத்துப் போடு.

— வேண்டாம் கண்ணு. எனக்கெதுக்கு.

— அக்கா, சாக்கடையிலிருந்து அள்ளின மண்ண எங்க போட்டீங்க?

— அதைத்தான வந்ததுலருந்து சொல்ல வர்றேன். எங்க வீட்டுப் பின்னாடி, துணி காயப்போடற மூலையில. சும்மா கிடக்கேன்னு, நீ நோஞ்சான்னு எறிஞ்ச கன்ன எடுத்து அதுல குத்தி வெச்சேன்.

— எப்ப எறிஞ்சது? வேரு கழுவினதுக்கு முன்னாடியா, பின்னாடியா?

— கழுவிட்டுத்தான் எறிஞ்சா தம்பி. ஈரம் சொட்டச் சொட்டக் கிடந்துச்சு.

— ஊசி என்ன கலரு இருக்கு?

— பச்சை. என் இடுப்பு உசரம் வந்துடுச்சு. நான் தண்ணி கூட ஒழுங்கா ஊத்தறதில்ல, துணி பிழிஞ்ச தண்ணிதான்.

— அக்கா, அடியில ஏதாவது முளைச்சிருக்கா? பழுப்பா, குடை மாதிரி?

— கொத்துக் கொத்தா. அதைத்தான் நேத்து இவகிட்டயே கேட்டேன். செடி அடியில என்னமோ முளைக்குது கண்ணு, என்ன பண்ணட்டும்னு. இவதான் நர்சரிக்காரியாச்சே.

— நான் என்ன சொன்னேன்?

— பூஞ்சை அது, விட்டா செடியக் கொன்னுடும், ஒரு குண்டான் கொதிக்கற தண்ணிய அப்படியே ஊத்துங்கன்ன.

— ஊத்திட்டீங்களா?

— அதுக்குத்தான கண்ணு அடுப்புல தண்ணி வெச்சேன். நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் முன்னாடியே சண்டைய முடிச்சிருந்தா, இந்நேரம் ஊத்தியிருப்பேன்.